காதில் விழாத சாவு

எங்கள் மட்டாஞ்சேரித் தெருவில் வரலக்ஷ்மி நோன்பு என்றால் என் வீடுதான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. மற்ற வீடுகளில் ஒரு கலசம், ஒரு தேங்காய், நாலு கொழுக்கட்டை, ஆயிற்று நோன்பு. என் வீட்டு அம்மனுக்குத் தாழம்பூ வைப்பின் தீவிலிருந்து படகேறி வரும். கொழுக்கட்டை இரண்டு தினுசு, அப்பம், வடை, இட்லி, பாயசம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள எங்கள் தெருப் பெண்கள் மட்டுமல்ல, பின்தெருக் கொங்கணி வீடுகளிலிருந்தும் வருவார்கள். நாற்பது பேருக்குக் குறைந்ததில்லை. வந்தவர்கள் அம்மனைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், அதற்காகத்தான் மூன்று நாள் இடுப்பொடிய வேலை செய்வேன். பக்தி இல்லையா என்று கேட்காதீர்கள். அதுவும் இருந்தது.

அந்த அம்மனின் வெள்ளி முகம் எனக்கு மன்னி கொடுத்தது. மன்னி என்றால் என் கணவரின் அண்ணா மனைவி. எங்கள் குடும்பத்தில் நோன்பை யாரும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. மாமியார் மருமகளுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். என் மாமியார் அதை மூத்த மருமகளுக்குத்தான் கொடுத்தார். மன்னிக்கு ஒரே மகள், அவளும் அமெரிக்காவில். எடுத்துக் கொடுக்க மருமகள் இல்லை. ஏழெட்டு வருஷம் முன்பு மன்னி எர்ணாகுளத்திலிருந்து ஆட்டோவில் வந்து, முகத்தை ஒரு பட்டுத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள்.

"இனி நீயாக்கும் இதைப் பாத்துக்கணும். உனக்குப் பிள்ளை இருக்கான், நாளைக்கு மருமகள் வருவா. என்னோட நின்னு போக வேண்டாம்" என்றாள்.

காலில் விழுந்து வாங்கிக்கொண்டேன். வாங்கின கையோடு நான் நினைத்தது என்ன தெரியுமா? வெள்ளி இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே, இந்த மகராசி விபூதி போட்டு ஒருநாளும் தேய்த்ததில்லையா என்று. என் புத்தி அப்படிப்பட்டது. இனி சொல்லப்போவதை எல்லாம் கேட்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் தை மாதம் என் மகனுக்குக் கல்யாணம் ஆனது. அவனுக்கும் மருமகளுக்கும் பெங்களூரில் வேலை. அந்த ஆடியில் வந்த நோன்பு அவளுக்குத் தலை நோன்பு. அன்று நான் அவளுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். தலை நோன்பு தடங்கினால் அந்தப் பெண்ணுக்கு நோன்பு நிலைக்காது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. யார் சொன்னார்கள், எதில் எழுதியிருக்கிறது என்று நான் விசாரித்ததில்லை. இருவரும் இரண்டு நாள் லீவு போட்டு வியாழக்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள்.

அதே சமயம் எர்ணாகுளத்தில் அண்ணா படுத்த படுக்கையாக இருந்தார். ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவருக்கு அவர் அண்ணா மட்டுமில்லை. அப்பா போனபோது இவருக்கு ஏழு வயது. படிக்கவைத்தது, மிளகு கோடவுனில் வேலைக்குச் சேர்த்துவிட்டது, என்னைப் பெண் பார்க்க வந்தது எல்லாம் அண்ணாதான். ஓய்வுபெற்ற பிறகு தினம் சாயங்காலம் பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போய் அண்ணாவின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அண்ணாவுக்குக் குரல் எழும்பவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பிள்ளை இல்லேடா. கொள்ளி நீதான் வெக்கணும். வேற யாரையும் விடாதே" என்றார்.

"நான் இருக்கேன் அண்ணா. நான் எங்கே போப்போறேன்?" என்றார் இவர்.

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

தீட்டு விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பங்காளி செத்தால் நமக்குப் பத்து நாள் தீட்டு. பூஜை கிடையாது, விளக்கு கிடையாது, ஒருத்தருக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உயிர் போன நேரத்திலிருந்து நம்மைத் தீட்டு பிடிப்பதில்லை. சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். காதில் விழாதவரை நாம் சுத்தம். இந்த ஒரு சந்து போதும் எங்களுக்கு. கல்யாண வீட்டில் சாவுச் செய்தி வந்தால் வாசலிலேயே நிறுத்திவைப்பது எங்கள் ஜனங்களுக்குப் புதிதல்ல. என் கல்யாணத்தன்றே பாலக்காட்டில் இவருடைய பெரியப்பா ஒருவர் செத்துப்போனார். சொல்ல வந்த ஆளை அண்ணாதான் பந்தல் முனையிலேயே மடக்கி, வாயைத் திறக்கவிடாமல் காபி வாங்கிக் கொடுத்து, நாலு நாள் கழித்து வா என்று திருப்பி அனுப்பினார். அந்தக் கதையை எத்தனை விசேஷத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார்!

வியாழக்கிழமை சாயங்காலம் வாசல் பக்கம் அம்மனை ஜோடித்து வைத்தோம். என் வீட்டில் ஒரு சட்டம்: நோன்பு முடிகிறவரை யார் கையிலும் போன் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வாங்கி இரும்பு அலமாரிக்குள் வைத்துவிடுவேன். இவர் கொடுப்பதற்கு முன் மன்னிக்கு ஒரு தரம் பேசினார். அண்ணா இரண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தார் என்று மன்னி சொன்னாளாம். முகம் மலர்ந்துபோய் போனை நீட்டினார். "நாளைக்குப் பிரசாதம் எடுத்துண்டு போய் அண்ணா வாயில ஒரு துளி பாயசம் விட்டுட்டு வரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. குளித்துவிட்டு மடிப்புடவையோடு கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் போன் அடித்தது. இவர் குளியலறையில் இருந்தார். போய் அலமாரியைத் திறந்தேன். இவருடைய போன். மன்னியின் பெயர். அந்த வேளையில் மன்னி எதற்குக் கூப்பிடுவாள் என்று தெரியாத குழந்தையா நான்? கையில் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஆறு தரம். கடைசியில் ஒரு மெசேஜ் வந்து விழுந்த சத்தம். திரையில் எழுத்து தெரிந்துவிடப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன், சத்தியமாக. கண்ணை மூடியபடியே தடவி அந்தப் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். மகனைக் கூப்பிட்டிருப்பார்களே என்றால், அவர்களிடம் இருந்தது அவனுடைய பழைய நம்பர்.

நான் எடுக்கவில்லை, படிக்கவில்லை, ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினேன். மாவு அடிப்பிடித்திருந்தது. அதற்குத்தான் முதலில் வருத்தப்பட்டேன்.

ஏழரை மணிக்கு ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். மன்னி வீட்டுக்கு அடுத்த வீட்டு மலையாளி. பழக்கமான முகம்தான். மழையில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கேட்டைத் திறக்க விடாமல் நான் குறுக்கே போய் நின்றேன்.

"மாமி, சார் இல்லே? ஒரு காரியம் பறயான் உண்டு" என்றார்.

"பறயண்டா. ஒண்ணும் பறயண்டா. இன்னு இவிடெ பூஜையா." ஒன்றும் சொல்ல வேண்டாம், இன்று இங்கே பூஜை என்று மறித்தேன்.

அந்த மனிதருக்குப் புரியவில்லை. என் தலையில் இருந்த பூவையும் வாசலில் இருந்த கோலத்தையும் பார்த்தார். "பதினொன்னு மணிக்கு எடுக்கும், மாமி. சேச்சி சாரைக் காத்திரிக்கயா" என்றார். நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். நடுத்தெருவில், ஐம்பத்தெட்டு வயதில், சின்னக் குழந்தை மாதிரி. பொத்தினால் கேட்காமல் இருக்குமா? பதினொன்று என்பதும் கேட்டது, எடுப்பார்கள் என்பதும் கேட்டது, மன்னி காத்திருக்கிறாள் என்பதும் கேட்டது.

"உச்சைக்கு மேலே வன்னு பறஞ்ஞா மதி" என்றேன். மத்தியானத்துக்கு மேல் வந்து சொல்லுங்கள், போதும்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். உள்ளே வந்தால் மருமகள் கலசத்துக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள். இவர் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டே, "யாருடீ வந்தது?" என்றார்.

"தாழம்பூக்காரன். இன்னும் பூ வேணுமான்னு கேட்டுட்டுப் போறான்" என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பூஜை முடிய வேண்டும். எட்டரைக்கு நானும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கலசத்தை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுவந்தோம். அவள் மாம்பழ நிறத்தில் பட்டுடுத்தி, கலசம் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆனந்தம். ஆமாம், ஆனந்தம்தான், வேறு வார்த்தை போட்டு அதை மூடப்போவதில்லை. இவர் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து மந்திரம் சொன்னார். சங்கல்பம் செய்யும்போது அண்ணாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துக்கொண்டு, அவருக்கு ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டும் என்று தண்ணீர் விட்டார். செத்து நாலு மணி நேரமான மனிதருக்கு நீண்ட ஆயுள் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மணி அடித்தேன். நன்றாக ஓங்கி அடித்தேன்.

பத்தேகாலுக்குப் பூஜை முடிந்தது. இவர் என் வலது மணிக்கட்டில் மஞ்சள் சரட்டைக் கட்டினார். மருமகளுக்கு நான் கட்டினேன். நோன்பை எடுத்துக் கொடுத்தாயிற்று.

அப்போது சொல்லியிருக்கலாம். இதைத்தான் என்னால் எந்த விதத்திலும் பூசி மெழுக முடியவில்லை. அப்போது ஓர் ஆட்டோ பிடித்திருந்தால் பதினொன்றுக்குள் எர்ணாகுளம் போயிருப்பார். மருமகளின் நோன்பும் முடிந்துவிட்டது, தடங்கல் என்ற பேச்சும் இல்லை. ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்துகொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால் அத்தனை பேரும் வெற்றிலையைப் போட்டுவிட்டுக் குளிக்க ஓடுவார்கள். செய்த பண்டமெல்லாம் குப்பைக்குப் போகும். வருஷம் முழுக்கத் தெருவில் அதையே சொல்வார்கள். என் மருமகளைக் கண்ணாலே காணாமல் போய்விடுவார்கள். அவளை ஜோடித்து நிறுத்தியிருக்கிறேனே, நாலு பேர் பார்க்க வேண்டாமா? அதற்காக, வேறு எதற்காகவும் இல்லை, நான் வாயை மூடிக்கொண்டு குங்குமச் சிமிழைக் கையில் எடுத்தேன்.

பதினொன்று அடிக்கும்போது ஒரு கொங்கணிப் பாட்டிக்கு வெல்லக் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்தேன். இவர் கூடத்தில் வந்தவர்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சின்னத் தூக்கில் அண்ணாவுக்கென்று தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார்.

கடைசிப் பெண் படியிறங்கும்போது மணி பன்னிரண்டேமுக்கால். அலமாரியைத் திறந்து போனை உயிர்ப்பித்து இவர் கையில் கொடுத்தேன். "மன்னி கூப்பிட்டிருக்காப்பலே இருக்கு, பாருங்கோ" என்றேன். அதைக்கூட நேராகச் சொல்லவில்லை. இவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு அழவில்லை. "அஞ்சரைக்கு" என்றார். மறுபடியும், "அஞ்சரை மணிக்கு அடிச்சிருக்கு, ஆறு தரம்" என்றார். பிறகு வேட்டியை மாற்றக்கூட நில்லாமல் தெருவுக்கு ஓடினார்.

நானும் மகனும் பின்னால் வேறு ஆட்டோவில் போனோம். சுடுகாட்டில் பன்னிரண்டு வரை காத்திருக்கிறார்கள். அடுத்த உடல் வந்துவிட்டதால் அதற்குமேல் அங்கே நிறுத்திவைக்க விடவில்லையாம். மன்னி தர்ப்பையை வாங்கி, தன் சார்பில் செய்யச் சொல்லி, வாத்தியார் கூட்டிவந்த ஓர் ஆள் கையில் கொடுத்திருக்கிறாள். ஊர் பெயர் தெரியாத ஓர் ஆள். அவன்தான் கொள்ளி வைத்தான். நாங்கள் போனபோது இவர் சுடுகாட்டுச் சுவரோரம் மழையில் நின்றுகொண்டிருந்தார். தூக்கு கையில் இருந்தது.

பிறகு மன்னியைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். ஈரப் புடவையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். கட்டிக்கொண்டு அழலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் சரட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் கழற்ற மறந்துபோயிருந்தேன்.

"நோன்பு நன்னா நடந்துதா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

"மருமகளுக்கு எடுத்துக் குடுத்தியா?"

"குடுத்தேன் மன்னி."

"நல்லது" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.

கொள்ளி வைத்தவன்தான் பத்து நாள் காரியமும் செய்ய வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். இவர் தினம் போய், காசுக்கு வந்த அந்த ஆள் தன் அண்ணாவுக்குப் பிண்டம் வைப்பதை நின்று பார்த்துவிட்டு வந்தார். வீட்டில் என்னைத் திட்டவில்லை. திட்டினால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், எனக்கு அது வரும். அடுத்த வீட்டு மலையாளியிடமிருந்து தாழம்பூக்காரன் யார் என்பது இவருக்கும் தெரிந்துவிட்டது, அங்கிருந்த மகனுக்கும் தெரிந்துவிட்டது. மருமகள் அம்மனை எனக்கே விட்டுவிட்டாள். "எனக்கு இது வேண்டாம்மா, நீங்களே வெச்சுக்கோங்கோ" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் இவர் ஒரு பையில் நாலு வேட்டியும் மருந்தும் எடுத்துவைத்தார். பிள்ளையோடு பெங்களூர் போகிறேன் என்றார். ஒரு வாரம் இருந்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது மகனிடம் சொன்னார், என் எதிரில், குரலை உயர்த்தாமல்:

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மாகிட்ட சொல்லாதே. அவ காதுல விழ வேண்டாம். அவ நோன்பு நடக்கட்டும்."

"என்னப்பா பேசறேள்?" என்றான் அவன்.

"சத்தியம் பண்ணு" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு அப்பா நீட்டிய கைமேல் கை வைத்தான்.

அவர் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் போன் செய்வான். "அப்பா நன்னா இருக்கார்" என்பான். பேசச் சொல் என்றால், தூங்குகிறார், நடக்கப் போயிருக்கிறார். தீபாவளி சமயம் பின்னால் அவர் இருமுகிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாதா அந்த இருமல்? முப்பத்தைந்து வருஷம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறேன். சித்திரைக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அதோடு மகன் குரலும் ஒருமாதிரி ஆகிவிட்டது. மூன்று ஞாயிறு அவன் கூப்பிடவே இல்லை. நாலாவது ஞாயிறு கூப்பிட்டு, "அப்பா நன்னா இருக்கார்" என்றான்.

பெங்களூருக்கு ஒரு ராத்திரி ரயில். இரண்டு தரம் டிக்கெட் எடுத்து இரண்டு தரமும் ரத்து செய்தேன். நேரே போய்க் கதவைத் தட்டினால் தெரிந்துவிடும். தட்டத்தான் பயம். இவ்வளவு நாள் கழித்து, நான் இப்போது என்ன என்று யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அப்புறம் இந்தக் குங்குமத்தை என்ன செய்வது?

நேற்று வியாழக்கிழமை, நோன்புக்கு முந்தைய நாள். அம்மனுக்குப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

"அம்மா, அவர் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்றார். ஆனா எனக்கு மனசு கேக்கலே. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

நல்ல செய்தியாக இருக்கலாம். உண்டாகியிருக்கிறாளோ என்னவோ. அதைச் சொல்ல எதற்கு அழ வேண்டும் என்று என்னை யாரும் கேட்க வேண்டாம்.

"சனிக்கிழமை சொல்லேன்டீ குழந்தை. இப்போ எனக்கு நோன்பு வேலை தலைக்கு மேல கெடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று முப்பத்தெட்டு பேர்தான் வந்தார்கள். சரட்டை நானே இடக்கையால் கட்டிக்கொண்டேன். தெருக்கோடி வீட்டுப் பெண் வெற்றிலையை வாங்கிக்கொண்டு, "மாமா சௌக்யமா இருக்காரா மாமி?" என்று கேட்டாள். சௌக்யம் என்று சொல்லி அவள் நெற்றியில் குங்குமம் வைத்தேன்.